சுவருக்கு அந்தப் பக்கம் எண்பது ஹெர்ட்ஸ்

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெட்டியை வைத்து என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறார் என்று நான் நம்பினேன். சும்மா மனதுக்குள் நம்பிவிட்டுப் போகவில்லை. மலாய் மொழியில் மூன்று பக்கம் எழுதி, படம் வரைந்து, பதினான்கு வீட்டில் கையெழுத்து வாங்கி, தாமான் குடியிருப்புக் கமிட்டியில் மனுவாகக் கொடுக்கிற அளவுக்கு நம்பினேன். அந்தப் பதினான்கில் ஐந்து பேர் தெருவின் அந்தக் கோடியில் இருப்பவர்கள். அவர் வீட்டுச் சத்தம் இருக்கட்டும், அவர் வீடு எது என்றே அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் சாக்கடை மனு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். போடட்டும் என்று விட்டுவிட்டேன். சாகப் போகிறவன் அதையெல்லாம் பார்க்க முடியுமா?

ஈஜோக்கில் எங்கள் தாமான் வரிசை வீடுகள். அவர் ஹாலுக்கும் என் ஹாலுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். அவர் செம்பனை எண்ணெய் மில்லில் முப்பது வருடம் சார்ஜ்மேன், மின்சாரத்துக்கெல்லாம் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் மில் கொடுத்த நீலச் சட்டையைத்தான் போடுவார். பையில் டெஸ்டர் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் காலிங் பெல்லை அதால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விரலை வைப்பார். தாமானில் எல்லோருக்கும் அவர் சார்ஜ்மேன். எனக்கு மட்டும் அண்ணே.

நான் கோலசிலாங்கூரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவன். சனி ஞாயிறு கல்யாணங்களில் மைக் பிடிப்பேன். மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கேலி செய்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பேன். அதனால் ஒலி விஷயத்தில் நான் ஒரு நிபுணன் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அவர் முதல்முதலாகத் தன் மைக்கைக் காட்டியபோது, "என்ன அண்ணே, இதுல பேசுனா யாருக்குக் கேக்கும்? எறும்புக்கா?" என்று கேட்டேன்.

"இது பேசுறதுக்கு இல்ல தம்பி. கேக்குறதுக்கு" என்றார்.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். எதையும் சொல்லாமல் நிறுத்திவிட்டு, யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு இருப்பார்.

தேத்தண்ணி கலக்கும்போது ஒரு நாள் சீனி போட மாட்டார். நாம் குடித்து முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "நல்லா இருக்கு அண்ணே" என்றால் தலையாட்டுவார். தப்பு என்று சொல்ல மாட்டார். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டியபோது நான்கு குழாயில் ஒன்றின் கம்பியைக் கழற்றி வைத்தார். மூன்று நாள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கோயில் தலைவர் மேடையேறி, இந்த வருடம் ஒலி அமைப்பு பிரமாதம் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடையோடு நேராக ஏணியில் ஏறிக் கம்பியை மாட்டிவிட்டு இறங்கினார்.

அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், கிள்ளானுக்குப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போவதற்கு முன்னால் எங்களிடம் சொல்லிச் சிரித்தார். "ஒரு வாட்டி மீசைய எடுத்துட்டு வந்து ஒக்காந்துருக்காரு. எனக்குத் தெரியவே இல்ல. நாலாவது நாளுதான் பாத்தேன். பாத்து அலறுனா, மனுசன் நோட்டுப் புத்தகத்த எடுத்து எழுதுறாரு, 'மீசை, நாலு நாள்'னு!"

"வருத்தப்படலையா அண்ணே?" என்று கேட்டேன்.

"எதுக்கு? நாலு நாளுன்னு தெரிஞ்சிச்சில்ல" என்றார்.

மில்லில் பழகிய புத்தி அது. டர்பைனில் ஏதோ சத்தம் வருகிறது என்று ஆட்கள் ஓடி வருவார்களாம். இவர் போய் டர்பைனை நிறுத்திவிட்டு, "இப்ப வருதா?" என்று கேட்பாராம். இரண்டு பேர் வருகிறது என்பார்களாம்.

பெட்டி வந்தது அக்கா போன பிறகு. ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், பிறகு லோரியிலிருந்து இரண்டு பேர் பிடித்து இறக்கிய கறுப்புப் பெட்டி. சப்வூஃபர். அடித்தொண்டைச் சத்தத்துக்கு மட்டும் ஒரு பெட்டி. ஹால் மூலையில் வைத்துப் போட்டார்; சாமி மேடையில் விளக்குச் சுடர் ஆடியது. நான் கைதட்டினேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"பெட்டி இருக்குன்னு தெரியுது தம்பி."

"தெரியணும்னுதானே அண்ணே வாங்குனீங்க?"

"தெரியக்கூடாது. எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழ பெட்டி. மேல ஸ்பீக்கர். சாமி தூக்கிட்டுப் போறப்ப தோள் மாத்துவாங்கல்ல? சாமி ஆடக்கூடாது. அந்த மாதிரி."

அதற்குத்தான் அந்த மைக். நாம் காது வைக்கிற உயரத்தில் ஒரு முக்காலியில் அதை நிறுத்துவார். ஆம்ப்ளிஃபயர் அடியிலிருந்து உச்சிவரை 'வூஊஊஊப்' என்று ஒரு சத்தம் விடும். அறை அந்தச் சத்தத்தை எங்கே ஊத வைக்கிறது, எங்கே முழுங்குகிறது என்று மைக் கேட்டுச் சொல்ல, ஆம்ப்ளிஃபயர் அதற்குத் தகுந்தாற்போல் திருத்திக்கொள்ளும். ஒரு இடத்தில் அளந்தால் போதாது, எட்டு இடம். அளக்கும்போது வேறு சத்தம் இருக்கக் கூடாது. ஃபேனை நிறுத்துவார். ஐஸ் பெட்டியை நிறுத்துவார். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தால், வாசலில் நின்று போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையைக் காட்டி நிறுத்துவார். செம்பனைக் குலை ஏற்றிய லோரி பெரிய ரோட்டில் போனால் அன்றைய கணக்கு குட்டிச்சுவர். மறுபடியும் முதலிலிருந்து.

பெட்டியை எங்கே வைப்பது என்று பார்க்க அவர் செய்த காரியம்தான் எங்கள் தாமானில் பிரபலம். தான் உட்காரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பெட்டியை வைத்தார். பாட்டைப் போட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டி, நாலு காலில் ஹாலைச் சுற்றித் தவழ்ந்தார். எந்த மூலையில் தலை இருக்கும்போது அடிச்சத்தம் ஒழுங்காகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டுமாம். அதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்த என் மாமியாருக்குத் தெரிந்தது, ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, தரையோடு தரையாக நகர்கிறார் என்பது மட்டும்.

மாமியார் சும்மா இருப்பாரா? சாமி அறைக்கு ஓடினார். விபூதித் தட்டு, எலுமிச்சம்பழம், கற்பூரம். பின்னாலேயே நானும் என் மனைவி மல்லிகாவும். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணத் தயாராகப் போனேன், அவருக்கா எனக்கா என்று முடிவு செய்யாமல்.

மாமியார் அவர் முன்னால் மண்டிபோட்டுப் பயபக்தியோடு கேட்டார். "அய்யா, யாரு வந்துருக்கீங்க?"

அவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார். "எண்பது ஹெர்ட்ஸ்."

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது எந்த ஊருச் சாமி?"

"வெளியூரு, அத்தே" என்றேன்.

விபூதி பூசிக்கொண்டுதான் எழுந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏழு மாதம் இப்படிப் போனது. அவர் நாற்காலியில் மட்டும் அடிச்சத்தம் சரியாக விழவில்லை. பெட்டியிலிருந்து வருவதும் சுவரில் பட்டுத் திரும்புவதும் அங்கே ஒன்றையொன்று அடித்துச் சமமாகிவிடுகிறது என்றார். "மேட்ட வெட்டலாம் தம்பி. குழிய ரொப்ப முடியாது. ரொப்பப் போனா ஆம்ப்ளிஃபயருதான் சூடாவும்." ஒரு நாள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். என் சோபாவில் மைக்கை வைத்து அளந்தார். அளவு போனில் கோடாக விழுந்தது; அதை இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஒங்க சோபாவுலதான் தம்பி ரொம்ப நல்லா இருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் காசில் வாங்கிய சத்தம், சுவருக்கு இந்தப் பக்கம் இலவசமாக என் நெஞ்சில் விழுந்துகொண்டிருந்தது.

நெஞ்சு. அங்கேதான் வர வேண்டும்.

என் அப்பா தோட்டத்தில் வெட்டுக்காரர். ஐம்பத்தொன்றாவது வயதில், குலை வெட்டும் கம்போடு செம்பனை மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஐம்பத்தொன்று ஆன அன்றிலிருந்து ஏப்பம் வந்தாலும் மாரடைப்புதான். ஐ.சி. அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்கினேன், பிணத்தை அடையாளம் காண வசதியாக இருக்கட்டும் என்று. மல்லிகா ஒரு நாள் அதை எடுத்துப் பார்த்தாள். "பக்கத்துல நாந்தானே படுத்துருக்கேன்? எனக்கு ஒங்கள அடையாளம் தெரியாதா?" என்றாள். "பதட்டத்துல மறந்துருவ" என்றேன்.

பிறகு உண்மையாகவே ஒரு அடி வர ஆரம்பித்தது. சாயங்காலத்தில், சோபாவில் உட்கார்ந்தால், நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ நாற்காலியை இழுக்கிற மாதிரி. கிளினிக்குக்குப் போனேன். காலை பத்து மணிக்கு ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் இளம் பெண். எல்லாம் நார்மல், கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ணுங்க அங்கிள் என்றார். அங்கிள் என்றதில்தான் அதிகம் பயந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அடி வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் 'வூஊஊஊப்'. எனக்குப் பிடிபட்டுவிட்டது. நெஞ்சு இல்லை, பெட்டி! எழுந்து நின்று மல்லிகாவுக்குக் கை கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம். பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. அதற்கு எங்காவது போக வேண்டியிருந்தது. மனு எழுதினேன்.

கையெழுத்தெல்லாம் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருகிறேன், அவர் கேட்டில் நிற்கிறார். முகம் பளிச்சென்று இருந்தது. அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"தம்பி, சரியா வந்துருச்சு. கோடு நேரா நிக்குது. பெட்டி எங்க இருக்குன்னே தெரியல. ஞாயித்துக்கெழம வாங்க, ஒக்காந்து கேக்கலாம்."

"வர்றேன் அண்ணே" என்றேன், பையைக் கையால் மூடிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை கமிட்டிக் கூட்டம் வந்தது. தலைவர் என் மனுவை உரக்க வாசித்தார். உயிருக்கு ஆபத்து என்று எழுதியிருந்த இடத்தில் குரலை உயர்த்தினார். சார்ஜ்மேன் நீலச் சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். பதில் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, "சரிலா" என்றார். என்னைப் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான். பார்த்தார். சீனி இல்லாத தேத்தண்ணியை நாங்கள் குடிக்கும்போது பார்ப்பாரே, அதே மாதிரி.

அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. கிள்ளானில், மகள் வீட்டில், தூக்கத்தில். நான் போயிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நின்றுகொண்டிருந்தேன். இப்போது நான் தினமும் போடுகிற மாத்திரை நெஞ்சை மெதுவாக ஓட வைக்கிறது; மற்றதையும் மெதுவாக்கிவிட்டதோ என்னவோ. வாசலில் உருமி மேளம் அடித்தார்கள். அந்தச் சத்தம் உள்ளே இறங்க வேண்டும். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். யாரோ என்னிடம், "நீதான் நல்லா பேசுவியே, அவரப் பத்தி நாலு வார்த்தை சொல்லுலா" என்றார்கள். மைக்கை வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கல்யாணங்களுக்கு இப்போதும் போகிறேன். சிரிக்கிறார்கள்.

கமிட்டிக் கூட்டத்துக்குப் பிறகு வந்த பதினோரு நாளை அங்கே எப்படிச் சொல்வது?

கமிட்டிக் கூட்டம் முடிந்த மறுநாள் சாயங்காலமும் அடி வந்தது. மனு கொடுத்தும் அடங்கவில்லையே என்று கொதித்துப்போய் வாட்ஸாப்பில் போட்டேன். "அண்ணே, கொஞ்சம் கொறைங்க."

"சரி தம்பி" என்று பதில் வந்தது. ஐந்து நிமிடம் கழித்து, "இப்ப?"

சோபாவில் சாய்ந்து கவனித்தேன். "கொறைஞ்சிருக்கு அண்ணே. நன்றி."

மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை அவரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. ஒரு நாள் சுவரில் சிலிப்பரால் தட்டினேன். ஒரு நாள் மல்லிகா, "எனக்கு ஒன்னும் கேக்கலையே" என்றாள். "ஒனக்குக் காது மந்தம்" என்றேன். ஒரு நாள் அவருக்கு நானே யோசனை சொன்னேன். "அறுபது ஹெர்ட்ஸுல கொஞ்சம் வெட்டிப் பாருங்க அண்ணே." எனக்கு அறுபதும் தெரியாது எண்பதும் தெரியாது. "வெட்டிட்டேன். இப்ப?" என்று கேட்டார். "இப்ப பரவால்ல" என்று போட்டுக் கட்டைவிரல் படமும் வைத்தேன்.

பதினோராம் நாள் ஒரு சனிக்கிழமை. நான்கு மணி இருக்கும். கேட்டில் வந்து நின்றார். காலிங் பெல்லை அடிக்கவில்லை, டெஸ்டரையும் எடுக்கவில்லை.

"தம்பி, கொஞ்சம் வாங்க."

போனேன். ஹாலில் இரண்டு ஸ்பீக்கர் நின்றது. மூலையில் பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் தரையில் சதுரமாக ஒரு அடையாளம், மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பாக.

"பெட்டி எங்க அண்ணே?"

"ராசா டவுன்ல ஒரு ஆளு கேட்டாரு. குடுத்துட்டேன்."

"எப்ப?"

"ஒங்க மனு வாசிச்ச மறுநா காலையில."

நான் சிரித்தேன். எனக்குச் சிரிப்புதான் முதலில் வரும். "அப்ப நேத்து?"

"நேத்து என்ன தம்பி? அதான் கேக்க வந்தேன். இப்ப அடிக்குதா?"

அடித்துக்கொண்டிருந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம். பிறகு இன்னொரு நிமிடம். ஒரு தடவை அளந்ததை அவர் நம்ப மாட்டார்.

"ஒழுங்கா இல்ல. காடில ஏறுங்க."

மல்லிகா ஓடி வந்து காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஈஜோக் ரோட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு செம்பனை லோரி. முந்த வழியில்லை. ஒரு குலை விழுமோ விழாதோ என்று ஆடிக்கொண்டே போனது. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கை கால் எல்லாம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"பதினோரு நாளு சும்மா பாத்துக்கிட்டு இருந்தீங்களா அண்ணே? நான் செத்துருந்தா?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மொத ரெண்டு நாளு, பழகுன காதுன்னு நெனச்சேன். இல்லாததையும் கேக்கும்லா. அப்புறம் கொறைஞ்சிருக்குன்னீங்க, அறுபதுல வெட்டுங்கன்னீங்க. வெளையாடுறீங்கன்னு நெனச்சேன். நீங்க எப்பவும் வெளையாடுறவருதானே."

"இன்னைக்கு என்னா தெரிஞ்சிச்சு?"

"காலையில மார்க்கெட்டுல பாத்தேன். மூனு படி ஏறிட்டு நின்னுட்டீங்க. யாருகிட்டயும் ஒன்னும் சொல்லி வெளையாடல."

மல்லிகா பின்னாலிருந்து, "அத மொதல்லயே எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா மாமா?" என்றாள்.

"சொல்லியிருக்கணும்" என்றார். லோரி ஒதுங்கியதும் காரை விரட்டினார்.

அவசரப் பிரிவில் ஒயர்களை ஒட்டினார்கள். காகிதம் நீளமாக வந்தது. நிமிடத்துக்கு நூற்று நாற்பதுக்கு மேல், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒத்துப்போகாமல். இதயத்தின் மேலறை தாளம் தப்பி நடுங்குகிறது, விட்டுவிட்டு வருவதால் முதலில் எடுத்த ஈ.சி.ஜி.யில் சிக்கியிருக்காது, இப்படியே விட்டிருந்தால் ரத்தம் உறைந்து மூளைக்குப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். பெட்டி அந்த வீட்டில் இருந்தபோது என்னை அடித்தது பெட்டியா நெஞ்சா என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. பெட்டி ராசாவுக்குப் போனது புதன்கிழமை காலை. அன்று சாயங்காலத்திலிருந்து பதினோரு நாள் அடித்தது என் நெஞ்சுதான். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டு, என்னை அன்றைக்கே வார்டில் படுக்க வைத்தார்கள்.